ஸ்பீக்கர் அக்காவுக்குச் சிவப்பு

பேருந்து டெப்போவில் அவளுக்கு ஸ்பீக்கர் அக்கா என்று பெயர் வந்ததற்கு அவள் குரல் காரணமில்லை, அவள் போன்தான் காரணம். ட்ரிப் முடிந்து தேநீர் குடிக்க உட்கார்ந்ததும் தங்கைக்குப் போன் போடுவாள். ஒரு கையில் கப், மறு கையில் ரொட்டி என்றால் போனை எந்தக் கையில் பிடிப்பது? மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள். தங்கை வீட்டுக் குழாய் ஒழுகுவதிலிருந்து, தங்கையின் கணவன் வேலை பார்க்கும் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பதுவரை டிரைவர்கள் அத்தனை பேருக்கும் அத்துப்படி. என்றைக்காவது அவள் போன் போடவில்லையென்றால், "என்னக்கா, குழாய் சரியாயிடுச்சா?" என்று பக்கத்து மேஜையிலிருந்து விசாரிப்பார்கள்.

அம்மா போன பிறகு அந்தத் தங்கையை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். கனரக வாகன லைசென்ஸ் எடுத்து, ரயில் நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிவரை போகிற வழித்தடத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக ஓட்டிக்கொண்டிருந்தாள். திரும்ப முடியாத சந்துமுனையில் அந்த நீளப் பேருந்தை ஒரே வளைப்பில் திருப்புவாள். ஊன்றுகோலோடு ஓடிவருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டால் கதவை மூடமாட்டாள். பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் சரி. கணவர் வீட்டிலேயே திரைச்சீலை தைக்கிற தையல்காரர். குழந்தை இல்லை. அதைப் பற்றி யாராவது உச்சுக்கொட்டினால், "எனக்கு தினமும் பஸ் நிறைய ஆளுங்க, போதும் போதும்னு இருக்கு" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

மனத்துணை என்கிற செயலி டெப்போவுக்கு வந்தபோது, அதற்கு முதலில் ஒப்புதல் கொடுத்ததும் அவள்தான். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நல அதிகாரி, இளம்வயதுப் பெண், பொறுமையாகத்தான் விளக்கினாள். போனில் நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. எத்தனை பேரோடு பேசுகிறீர்கள், திரை எவ்வளவு நேரம் எரிகிறது, எவ்வளவு நடமாடுகிறீர்கள், எழுதும்போது எத்தனை தடவை அழித்தழித்து எழுதுகிறீர்கள், இதை மட்டும் செயலி கவனிக்கும். அதிலிருந்து ஒருவருக்கு மன அழுத்தம் ஏறுவதை அவருக்கே தெரிவதற்குமுன் கண்டுபிடித்துவிடலாம். நன்றாக இருந்தால் பச்சை, கொஞ்சம் கவனம் தேவை என்றால் மஞ்சள், உடனே உதவி தேவை என்றால் சிவப்பு. பேருந்து நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் மனம் கலங்கி ஓட்டலாமா? அந்தக் கேள்வி நியாயமாகத்தான் அவளுக்குப் பட்டது. மனசு சரியில்லாமல் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்த நாட்கள் அவளுக்கும் உண்டு. கேட்க நாதி இருக்கிறதே என்று நினைத்து பொத்தானை அமுக்கினாள். ஒப்புக்கொண்டவர்களுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் இலவசமாகக் கொடுத்தார்கள். அதன் மூடி இரண்டாம் நாளே உடைந்தது. அப்போதே நமக்குப் புத்தி வந்திருக்க வேண்டும் என்று பிற்பாடு அவள் சொல்லிச் சிரித்ததுண்டு.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, நாற்பதைத் தாண்டிய தங்கைக்கு, இனி இல்லை என்று எல்லோரும் முடிவுகட்டிய பிறகு, ஒரு பெண்குழந்தை பிறந்தது. கணவன் கடலில். தனி வீட்டில் பச்சைக்குழந்தையோடு அவளை விட்டுவைக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தையல் அறையிலிருந்த துணிக் கட்டுகளெல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. அந்த இடத்தில் தொட்டில் வந்தது. வீடு ஒரே அமளி. தையல்காரர் மெஷினை மிதிக்கிற சத்தத்துக்குத் தூங்குகிற பிள்ளை, மெஷின் நின்றால் வீறிட்டு அழும். ராத்திரி முழுக்க மெஷின் மிதிக்க முடியாதே. அதற்கு மாற்றாக, மழை பெய்கிற ஒரு வீடியோவைப் பெரியம்மாவின் போனில் விடியவிடிய ஓடவிட்டார்கள். ஸ்பீக்கர் நன்றாக இருந்தது அந்தப் போனில்தான்.

முன்பெல்லாம் ஷிப்ட் முடிந்தால் கடைத்தெருவெல்லாம் சுற்றி நடந்து வீடு சேருகிறவள், இப்போது கணவரை ஸ்கூட்டரோடு டெப்போ வாசலில் வரச்சொல்லி ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினாள். தங்கையோ வீட்டிலேயே இருக்கிறாள், யாருக்குப் போன் போடுவது? தேநீர் மேஜை அமைதியானது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக எப்போதாவது இருந்தோமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கண்பட்டுவிடுமோ என்று வெளியில் அதிகம் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு காலை, வண்டியை எடுக்கப் போனவளை மேலாளர் அறைக்கு வரச்சொன்னார்கள். மேலாளர் கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, அவளுக்குச் சிவப்பு வந்திருப்பதாகவும், டாக்டர் பார்த்துச் சான்று கொடுக்கும்வரை ஸ்டீயரிங்கில் உட்காரக் கூடாது என்றும் சொன்னார். அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. யாருடைய போனையோ பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று நினைத்தாள்.

"எதனால சிவப்புன்னு சொல்லுங்க சார்."

"அது எனக்கே தெரியாதும்மா. எனக்குக் கலர் மட்டும்தான் வரும்."

"அப்ப என்னைக் கேளுங்க. எதிர்லதான உக்காந்திருக்கேன்."

மேலாளர் அவளைப் பார்க்கவில்லை. கணினித் திரையைப் பார்த்தார். அதில் சிவப்பாக ஒரு வட்டம், பக்கத்தில் அவள் பணி எண். அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிற தூரத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும்போது, வட்டத்தைப் பார்த்து அந்த ஆளின் மனதைத் தெரிந்துகொள்வார்களாம்.

அவளைத் தொலைந்த பொருட்கள் அறையில் போட்டார்கள். பயணிகள் பேருந்தில் விட்டுப்போனவற்றை வாங்கி அடுக்கி, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். குடைகள், ஒற்றைச் செருப்புகள், பல்செட்டுகூட ஒன்று. ஊன்றுகோலை விட்டுவிட்டு ஒருத்தர் எப்படி இறங்கி நடந்துபோனார் என்று அவள் யோசித்து யோசித்துப் பார்த்தாள். முதல் இரண்டு நாள் இப்படி ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொண்டாள். டாக்டரைப் பார்க்க நாள் கேட்டால், வரிசையில் பலர் இருப்பதாகப் பதில் வந்தது. உடனே உதவி தேவை என்று அவளை இறக்கிவிட்டவர்களுக்கு, அந்த உதவியை அனுப்புவதில் மட்டும் அவசரம் இல்லை.

அதற்குள் டெப்போ மாறிவிட்டது. அவள் தேநீருக்குப் போனால் பேச்சு தணிந்துவிடும். உரக்கச் சிரித்தால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்காவிட்டால் அதற்கும் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் வந்து, நோயாளியிடம் பேசுகிற குரலில், எல்லாம் சரியாகிவிடும் அக்கா என்றான். எதுடா சரியாகணும் என்று கேட்டதும் நழுவினான். எல்லாவற்றையும்விட வீட்டில் நடந்ததுதான் அவளை வதைத்தது. தையல்காரர் ஊசியில் நூல் கோத்தபடி, முகத்தைப் பார்க்காமல், "எங்கிட்ட சொல்லாம மனசுல ஏதாவது வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அவளைச் சந்தேகித்ததே கிடையாது. அது சந்தேகம்கூட இல்லை, அக்கறைதான். ஆனாலும் அந்தக் கேள்வி அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உண்மையிலேயே எனக்கு ஏதோ ஆகிவிட்டதோ, எனக்குத்தான் தெரியவில்லையோ? குழந்தையைத் தூக்கவே கை தயங்கியது. மழைச் சத்தம் ஓடிக்கொண்டிருக்க, குழந்தை தூங்கியது, இவள் தூங்கவில்லை. நன்றாக இருந்தவளுக்குச் சிவப்பு என்று சொல்லி, சொன்னதாலேயே அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 

தொலைந்த பொருட்கள் அறைக்கு வழக்கமாக வந்துபோன ஒரே ஆள் கடிகாரம். அவரும் டிரைவர்தான், அவளைவிட மூத்தவர். நிமிஷம் தவறாமல் வருவார், நிமிஷம் தவறாமல் போவார், அதனால் அந்தப் பெயர். முந்தின வருஷம் மனைவி இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு வேலைக்கு வந்து, எப்போதும்போல் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வண்டியை எடுத்தார். மனத்துணையில் அவருக்குத் தொடர்ந்து பச்சை. டெப்போவிலேயே மிகச் சீரான மனநலம் என்று அவரைப் பாராட்டி அறிவிப்புப் பலகையில் படம்கூட ஒட்டியிருந்தார்கள். அவர் வந்தால் ஒரு குடைக் கட்டின்மேல் உட்கார்ந்து தேநீரைக் குடித்துவிட்டு, பேசாமல் எழுந்து போவார். அவளுக்கும் அது ஆறுதலாக இருந்தது. அவளை நோயாளிபோல் பார்க்காத ஒரு ஜோடிக் கண்.

ஒருநாள் மாலை அவர் போனில் ஏதோ செய்தி வந்து ஒலித்தது. எடுத்துப் படித்துவிட்டு, அவள் கேட்காமலேயே சொன்னார்.

"நெருங்கினவங்களோட விடாம பேசிட்டு வர்றீங்க, இப்படியே தொடருங்கன்னு பாராட்டுது."

"நல்லதுதானே அண்ணே. யாரோட பேசுறீங்க?"

"உங்க அண்ணியோட."

 அவர் நிதானமாக, வண்டி நேரம் சொல்வதுபோலச் சொன்னார். மனைவியின் போன் எண்ணை அவர் ரத்து செய்யவில்லை. தினமும் சாயங்காலம் அதைக் கூப்பிடுவார். மணி அடித்து ஓய்ந்ததும், முன்பு மனைவி பதிவுசெய்து வைத்திருந்த குரல் வரும்: வேலையா இருக்கேன், நீங்க யாருன்னு சொல்லுங்க, அப்புறமா கூப்பிடுறேன். அதற்குப் பிறகு அன்றைக்கு நடந்ததையெல்லாம் அவர் சொல்வார். பேச்சைப் பதிகிற நேரம் முடிந்து தொடர்பு அறுந்தால் மறுபடி கூப்பிடுவார். சாப்பாடு ருசிப்பதில்லை என்றும், சில சமயம் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே எங்கே இருக்கிறோம் என்பது விட்டுப்போய்விடுகிறது என்றும் அதே குரலில் சேர்த்துக்கொண்டார். டாக்டரிடம் போகலாம், நானே கூட வருகிறேன் என்று அவள் சொன்னாள். அவர் லேசாகச் சிரித்தார்.

"எனக்கு எதுக்கும்மா? நான் பச்சை."

அவர் போனதும் அவள் நேரே மேலாளரிடம் போனாள். கடிகாரம் சொன்னதை அப்படியே ஊருக்குச் சொல்ல மனமில்லாமல், அந்த அண்ணன் ஸ்டீயரிங்கில் இருக்கிற நிலையில் இல்லை, கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மேலாளர் பணி எண்ணைத் தட்டிப் பார்த்தார். பச்சை வட்டம். திரையை அவள் பக்கம் திருப்பியும் காட்டினார். அப்புறம் தயங்கித் தயங்கி, "நீங்க இப்ப இருக்கிற நிலைமையில, அடுத்தவங்களைப் பத்தி உங்களுக்கு அப்படித் தோணலாம்மா" என்றார்.

 சிவப்பு என்றால் வண்டியை மட்டும் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். அவள் கண்ணையும் காதையும்கூடச் செல்லாதவை ஆக்கிவிட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. சங்கச் செயலாளரிடம் சொன்னாள். அவர் அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்.

கூட்டம் வருவதற்குமுன் அது நடந்துவிட்டது. நல்ல பகல் வெயில். கடிகாரம் ஒரு நிறுத்தத்தில் பேருந்தை ஒழுங்காக ஓரம்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, கதவுகளைத் திறந்து, இறங்க வேண்டியவர்கள் இறங்கிய பிறகு தானும் இறங்கிப்போய் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். மீதிப் பயணிகள் வண்டி பழுது என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். பிறகு ஒருவர் போய்க் கேட்டிருக்கிறார். பதில் இல்லை. யாரோ டெப்போவுக்குப் போன் செய்தார்கள். அந்தச் செய்தி அறைக்கு எட்டியபோது ஸ்பீக்கர் அக்கா குடைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்படியே போட்டுவிட்டு, கிளம்பிக்கொண்டிருந்த பழுது நீக்கும் வேனில் ஏறி மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இறங்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

போய்ச் சேர்ந்தபோது பேருந்து நாலு பக்க விளக்கும் மின்ன நின்றது. பயணிகள் அவளைச் சூழ்ந்துகொண்டு, வண்டி எப்போது கிளம்பும், யார் ஓட்டப்போகிறீர்கள் என்று இரைந்தார்கள். அவளுக்கு அந்த வண்டியைத் தெரியும், அந்தத் தடமும் தெரியும். ஏறி உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் அத்தனை பேரையும் கொண்டுசேர்த்துவிடுவாள். அவள் ஏறவில்லை. நடைபாதையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மடிப்புக் கலையாத சட்டை வேர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"அடுத்த ஸ்டாப் எதுன்னு தெரியலம்மா" என்றார் அவர். "எவ்வளவோ யோசிச்சேன். வரல."

"வர வேணாம் அண்ணே. உக்காந்திருங்க. நான் இருக்கேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். வெகுநேரம் அழுதார். மாற்று டிரைவர் வந்து வண்டியை எடுத்துப்போனதுகூட அவளுக்குத் தெரியாது. பிறகு இருவருமாக ஒரு வாடகைக் கார் பிடித்து, தினமும் ஓட்டிப்போன அதே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அடுத்த வாரம் விசாரணை என்ற பெயரில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். மேலாளர், நல அதிகாரி, சங்கச் செயலாளர், சாட்சியாக அவள். நல அதிகாரி முகம் வாடியிருந்தது, அவளும் தூங்கியிருக்கமாட்டாள் என்று தெரிந்தது. ஆனாலும் பேச ஆரம்பித்ததும், தரவு, மேம்பாடு என்றே பேசினாள். கடிகாரத்தின் அழைப்புப் பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள், இனிப் பதில் வராத அழைப்புகளைக் கணக்கில் சேர்க்காதபடி அடுத்த பதிப்பில் திருத்திவிடுவார்களாம். சங்கச் செயலாளர் வற்புறுத்தியதால் ஸ்பீக்கர் அக்காவுக்கு ஏன் சிவப்பு வந்தது என்பதையும் படித்தாள். நெருங்கிய உறவோடு பேசுவது திடீரென்று நின்றுபோனது. இரவு முழுவதும் திரை எரிகிறது. நடமாட்டம் பாதியாகிவிட்டது. எழுத்துப் பிழைகள் கூடிவிட்டன.

 படித்து முடிக்கும்வரை ஸ்பீக்கர் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கத்தப்போகிறாள் என்று மேலாளர் பின்னால் சாய்ந்தார். அவள் கத்தவில்லை.

"என் தங்கச்சி குழந்தையோட எங்க வீட்டுக்கு வந்துட்டா. வீட்டுல இருக்கிறவளுக்கு எதுக்குப் போன்? ராத்திரி குழந்தை தூங்க மழைச் சத்தம் வைக்கிறோம். புள்ளையத் தோள்ல போட்டுட்டு ஒத்தக் கையால எழுதுறேன், தப்புத்தான் வரும். என் வாழ்க்கையிலேயே நல்லா இருந்த நாளுங்க மேடம் அது. அதைத்தான் நீங்க சிவப்புன்னு எழுதி வச்சிருக்கீங்க."

நல அதிகாரி படித்த தாளை மடித்தாள். அவளே தொடர்ந்தாள்.

"என் கதை போகட்டும். அந்த அண்ணன் பொண்டாட்டி செத்து ஒரு வருஷம். இந்த டெப்போல ஒருத்தராவது, எப்படி இருக்கீங்கன்னு அவரை நிறுத்திக் கேட்டோமா? பச்சைன்னு சொல்லிட்டீங்க, எல்லாருக்கும் வேலை மிச்சம். நான் வந்து சொன்னேன். என் பேச்சு சிவப்புப் பேச்சு, எடுபடல. வண்டியில ஆளுங்க இருந்தாங்க மேடம். ஓரங்கட்டணும்னு அவருக்குத் தோணுச்சு, அதனால இன்னிக்கு உக்காந்து பேசிட்டிருக்கோம்."

நல அதிகாரி, தனக்குக் கீழே இந்த டெப்போவைப்போல இன்னும் பல டெப்போக்கள் இருக்கின்றன, ஒவ்வொருவரிடமும் போய்ப் பேச ஆள் இல்லை, அதனால்தான் செயலி வாங்கினார்கள் என்றாள். ரொம்பத் தணிந்த குரலில் சொன்னாள். அன்றைக்கு அந்த அறையில் சொல்லப்பட்டதிலேயே உண்மையான வார்த்தை அதுதான் என்று ஸ்பீக்கர் அக்காவுக்குப் பட்டது. உண்மை என்பதாலேயே கோபம் இரண்டு மடங்கானது. ஆள் வைக்கக் காசில்லை, செயலி வாங்கக் காசு இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு டாக்டர் வரிசை மளமளவென்று நகர்ந்தது. டாக்டர் வயதான அம்மாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்பதுதான். இத்தனை நாளில் அதை யாருமே கேட்கவில்லை. அவள் குழந்தையில் ஆரம்பித்தாள். தையல் மெஷின் கதைக்கு டாக்டர் சிரித்துவிட்டார். தூக்கம் எப்போது கெட்டது என்று கேட்டதற்கு, நீங்கள் சிவப்பு என்று சொன்ன பிறகு என்றாள். டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு அதை எழுதிக்கொண்டார். ஒன்றுமில்லை, போய் வண்டி ஓட்டுங்கள் என்று சான்று கொடுத்தார்.

இனி வட்டத்தின் நிறத்தை மட்டும் வைத்து யாரையும் வண்டியிலிருந்து இறக்கக் கூடாது, முதலில் நேரில் பேச வேண்டும் என்று சங்கம் எழுதி வாங்கியது. வெற்றி என்று எல்லோரும் கைகுலுக்கினார்கள். செயலியை வைத்துக்கொள்வதும் விடுவதும் அவரவர் விருப்பம் என்றும் ஆனது. அவள் அன்றே அதைப் போனிலிருந்து எடுத்துப் போட்டாள். அடுத்த மாதம் ஷிப்ட் போடும்போது, செயலி வைத்திருப்பவர்களுக்கே காலை ஷிப்டைத் தேர்ந்தெடுக்க முன்னுரிமை என்று தெரிந்தது. விருப்பம் என்றால் இதுதான். அவளுக்கு மதிய ஷிப்ட் விழுந்தது. வீடு திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும். அதையும் எதிர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறாள், இன்னும் பதில் இல்லை.

கடிகாரம் நீண்ட விடுப்பில் போய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். இப்போது டெப்போவில் வண்டிகளை வெளியே அனுப்பும் மேஜையில் இருக்கிறார். முன்புபோல நிமிஷக் கணக்கு இல்லை. ஓய்வு நாட்களில் சிலசமயம் அவள் வீட்டுக்கு வந்து தையல்காரரோடு உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றால், இப்போதெல்லாம் சாப்பிடுகிறார்.

சமீபத்தில் மனத்துணையின் புதிய பதிப்பை அறிமுகப்படுத்த டெப்போவில் எல்லோரையும் கூட்டியிருந்தார்கள். வேறொரு நல அதிகாரி, இந்த முறை ஓர் இளைஞன், திரையில் படம் காட்டி விளக்கினான். இப்போது குரலின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கவனிக்குமாம். பேசி முடித்து, கேள்வி ஏதாவது உண்டா என்றான். ஸ்பீக்கர் அக்கா எழுந்தாள்.

"சிவப்பு வந்தா யார் வந்து எங்ககூட உக்காந்து பேசுவாங்க? அந்த ஆள் பேரைச் சொல்லுங்க."

அதற்கான ஏற்பாடு பரிசீலனையில் இருக்கிறது என்றான் அவன். சரி தம்பி, நான் நிற்கிறேன், முடிவானதும் சொல்லுங்கள் என்று அவள் அப்படியே நின்றாள். அவன் அடுத்த படத்துக்குப் போனான். அவள் உட்காரவில்லை. பின்வரிசையில் கடிகாரம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இன்னும் இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள், மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இளைஞன் கூட்டத்தைச் சீக்கிரமே முடித்துக்கொண்டான். பெயர் எதுவும் வரவில்லை. மதிய வண்டிக்கு நேரமாகிவிட்டதால் அவள் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.